மகாராணியின் விலாவில் ஐந்து விரல்

மகாராணியைக் கொன்றது ஏழுமலை அல்ல. நான். அந்தப் பழியைத் தூக்கி அவன் தலையில் கட்டியவனும் நான்தான்.

பதறாதீர்கள். மகாராணி ஒரு மீன். இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய அளவுக்குப் பெரிய கட்லா. ஏழுமலை மனிதன், பரிசல்காரன். இந்த இருவரில் யாருக்காக உங்கள் மனம் முதலில் கனத்தது? எங்கள் கிளப்பில் ஒருவருக்குக்கூட மனிதனுக்காகக் கனக்கவில்லை. நீங்களும் அவர்களைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆம்பூரிலிருந்து மலைப்பக்கம் போனால் ஓர் ஏரி வரும். அதன் மீன் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது எங்கள் தூண்டில் கிளப். உறுப்பினர்களில் பாதிப் பேர் தோல் ஏற்றுமதிக்காரர்கள். மீதிப் பேர் டாக்டர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். மீனைப் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். தின்பதற்கு அல்ல, விளையாட்டு! வாரம் முழுவதும் லாரி லாரியாக ஆட்டுத்தோலை இறக்குகிறவர்கள், ஞாயிறன்று ஒரு மீனுக்கு வலிக்குமே என்று உருகுவார்கள். உருகி முடித்துவிட்டுப் போகிற வழியில் பிரியாணி சாப்பிடுவார்கள்.

அந்த ஏரியில் நான் கைடு. கைடு என்றால் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. கைடு என்பவன் விதிகளைக் காப்பவன். எவன் கூலி கொடுக்கிறானோ அவனைப் பார்த்தே 'கூடாது' என்று சொல்வதற்காகக் கூலி வாங்குகிறவன். அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

விதிகளைச் சொல்கிறேன். தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் பின்கூரை நசுக்கிவிட வேண்டும். வலை வீசுவது அறவே கூடாது. முதுகில் மஞ்சள் வில்லை குத்திய மீன் கிளப்பின் மீன். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே விட்டுவிட வேண்டும். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும் நேரத்துக்கு மேல் மீன் வெளியே இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலாக, மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும்.

ஏன் நனைக்க வேண்டும் என்றால், மீனின் மேல் இருக்கும் வழவழப்புத்தான் அதற்குக் காவல். காய்ந்த கை பட்டால் அது துடைபட்டுப் போய்விடும். பட்ட இடத்தில் சில நாளில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். மீன் சாவதற்குள் நீங்கள் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பி, பாராட்டும் வாங்கி முடித்திருப்பீர்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியுமா? கைடாக வருவதற்கு முன் ஷூ கம்பெனியில் தோல் ரகம் பிரித்துக்கொண்டிருந்தவன் நான். தோலில் ஒரு கீறலைக் காட்டினால், அது முள்வேலியா, உண்ணிக்கடியா, கத்தி தவறியதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட கண் எனக்கு... அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

ஏழுமலை ஏரிக்கரை ஊர்க்காரன். கிளப் வருவதற்கு முன் அங்கே வலை போட்டுப் பிழைத்தவன். கிளப் வந்ததும் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு இவர்களுக்குப் பரிசல் தள்ள வந்தான். தண்ணீரில் இருந்தால் போதும் அவனுக்கு. துடுப்பைக் கையில் எடுத்துவிட்டால் முகமே மாறிவிடும்.

அந்த ஞாயிறு அவன் இல்லை. மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு நாட்றம்பள்ளி போயிருந்தான். கையுறை கம்பெனி முதலாளி ஒருவரை நானே கிளப் படகில் அழைத்துப் போனேன். அவர் தூண்டிலில்தான் மகாராணி மாட்டியது. வலைக்கூடையில் ஏந்திப் படகோரமாகத் தண்ணீரிலேயே பிடித்திருந்தேன். அவர் பையைத் திறந்து ஒரு ஜோடி பழுப்பு நிறப் புதுத் தோல் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், கைய நனைக்கணும்," என்றேன்.

"நனைச்சா தோலு போயிடும்யா. சாம்பிள் இது. ஒரே ஒரு போட்டோ, ஃபாரின் பையருக்கு அனுப்பணும்."

'கூடாது' என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே என்னை அங்கே வைத்திருந்தார்கள்? நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவருடைய போனை வாங்கினேன். அவர் காய்ந்த கையுறையோடு மகாராணியைத் தூக்கிப் பிடித்தார்.

ஒரு படம் போதவில்லை. வெயில் முகத்தில் விழவில்லை என்றார். அப்புறம் கையுறையின் தையல் தெரியவில்லை என்றார். பிறகு தன் சிரிப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. மகாராணி வாயைத் திறந்து திறந்து மூடியது. எல்லாம் முடிந்ததும் அவர் என் தோளில் தட்டி, "நீ நம்ம ஆளுய்யா," என்றார்.

அதற்காகத்தான் செய்தேன்! காசுக்கு இல்லை, பயந்தும் இல்லை. கம்பெனியில் இருந்த அத்தனை வருடமும் எந்த முதலாளியும் என் தோளைத் தொட்டதில்லை. ஒரு தட்டுக்கு விலை போனேன். இதைவிட மலிவாக ஒருவன் விலை போக முடியுமா, சொல்லுங்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து ஏழுமலை அந்த மீனைப் பரிசலில் போட்டுக்கொண்டு படித்துறைக்கு வந்தான்.

"அண்ணே, கரையோரமா மல்லாந்து மெதந்துச்சு. இன்னா சீக்குன்னே தெரியல. யாரோ கை வெச்ச மாதிரி கீது பாரு."

பார்த்தேன். மகாராணியின் விலாவில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக நான்கு விரலும் ஒரு கட்டை விரலும்.

"சொறிடா அது. கொண்டு போய்ப் பொதச்சிடு," என்றேன்.

புதைப்பதற்கு முன்பே கார்கள் வந்துவிட்டன. கிளப் செயலாளர் பரிசலுக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள் வில்லை அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டார்! மீனைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தொட்டால் கை நாறுமே. ஏழுமலையை வெளியே நிற்க வைத்துவிட்டு எல்லோரும் கிளப் அறைக்குள் போனோம்.

"உனக்குத் தெரியாம இங்க எதுவும் நடக்காது. அவன் வலை வெச்சிருக்கானா?" என்று செயலாளர் என்னைக் கேட்டார்.

கையுறை முதலாளி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், போனைத் தடவிக்கொண்டு. நான் அவரைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

"வீட்டுப் பரண்ல இருக்குது சார். நானும் ரெண்டு மூணு வாட்டி வார்ன் பண்ணிட்டேன்."

வலை இருந்தது உண்மை. எச்சரித்தேன் என்பது பொய். உண்மையோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பொய்யின் தையல் வெளியே தெரியாது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா?

போலீஸைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் உடனே எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் பிள்ளைகுட்டிக்காரன், இனிமேல் ஏரிப்பக்கம் வராமல் இருந்தால் போதும் என்றேன். என் நல்ல மனதை எல்லோரும் மெச்சினார்கள். கையுறை முதலாளி அப்போதுதான் நிமிர்ந்தார். தன்னுடைய தோல் பதனிடும் ஷாப்பில் அவனுக்கு ஒரு வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். அவரையும் மெச்சினார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வந்த எல்லோருமே நல்லவர்கள், நான் உட்பட.

ஏழுமலை வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். வலை போட்டாய் என்று இனி ஏரிப்பக்கம் வரக் கூடாதென்கிறார்கள், போலீஸ் வரை போகாமல் நான்தான் தடுத்தேன் என்று சொன்னேன். அவன் அழவில்லை, கத்தவில்லை.

"நான் வலை போடலண்ணே. நீ நம்புறியா?"

"நம்புறேன்டா."

அன்று நான் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான்.

இப்போது அவன் நாள் முழுவதும் ஈரத் தோல் தூக்குகிறான். பரிசல் அவன் வீட்டுச் சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது. அடியில் பூசிய தார் வெடித்துவிட்டது. நானோ ஞாயிறுதோறும் புதிய உறுப்பினர்களை வரிசையாக நிற்க வைத்து, கையை நனையுங்கள் என்று பாடம் நடத்துகிறேன். அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். கிளப்பில் சொன்னால் என் வேலை போகும். அவனுக்கு ஏரி திரும்பக் கிடைக்கும். உங்களிடம் சொன்னால் இரண்டும் நடக்காது. படித்துவிட்டு, பாவம் என்று ஒரு பெருமூச்சு விடுவீர்கள். எனக்கும் அது போதும் போலிருக்கிறது... தூ!

போன தீபாவளிக்கு ஏழுமலை தன் மனைவி சாந்தியோடு என் வீட்டுக்கு வந்தான். இனிப்போடு ஒரு பொட்டலத்தையும் நீட்டினான்.

"கம்பெனில குடுத்தாங்கண்ணே. நீதான் பனியில படகு ஓட்டுற. வெச்சுக்கோ."

கையுறை. அதே பழுப்பு, அதே தையல். போட்டுப் பார்க்கச் சொன்னான். போட்டேன். அளவு சரியாக இருந்தது.

"நீங்க மட்டும் இல்லன்னா இவரு அன்னிக்கு ஜெயிலுக்குத்தான் போயிருப்பாரு," என்றாள் சாந்தி. இதை அவள் வருகிற போதெல்லாம் சொல்வாள். நானும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறாள்.

கிளம்பும்போது அவள் முன்னால் நடந்தாள். அவன் மட்டும் வாசலில் நின்றான். ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டான். மதகு வரைக்கும் என்றேன்.

"உன் பேச்சுன்னா அவங்க கேப்பாங்க இல்லண்ணே? என்னிய மறுபடி உள்ள விடச் சொல்லி ஒரே ஒரு வாட்டி கேட்டுப் பாரேன்."

"கேக்குறேன்டா," என்றேன். கையுறையைக் கழற்றாமலே அவன் தோளில் தட்டினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

இன்னும் கேட்கவில்லை.