சட்னியைப் பற்றி ஒரு வரி

எதையும் மதிப்பிடுபவர் அதை நேரில் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்பது விதி. தங்கச் சுரங்க அலுவலகத்தில் வேலையில் இருந்தவரை அதைச் சுற்றறிக்கையாக எல்லோருக்கும் அனுப்பினேன். நான் மட்டும் சுரங்கத்துக்குள் போகும் ஷாஃப்டில் இறங்காமலே அறிக்கை எழுதிப் பதவி உயர்வும் பெற்றேன்.

மைசூர் மைன்ஸ் பக்கம் சாலையோரம் இட்லி விற்கும் கனகாவுக்குக் கடையை எடுக்கச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதிலோடு சேர்த்து அனுப்ப, கடையை மதிப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் வந்தாள். வீட்டில் உட்கார்ந்தே, ஈடு இணையற்ற கடை என்று ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன்.

“இன்னா சார், ஒரு இட்லிகூடத் துன்னாம நூத்துக்கு நூறு போட்டுட்டீங்க? படிக்கிறவன் நான் உங்க சொந்தக்காரின்னு நெனைப்பான்.”

மறுநாள் விடியலில் போனேன். பனியில், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குவிந்த சயனைடு மேடுகள் தரையை விட்டு எழும்பி மிதந்துகொண்டிருந்தன. பெங்களூர் ரயிலுக்குப் போகிறவர்கள் இட்லி ஆவிக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தோன்றினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரவர் பொட்டலத்தை அவள் நீட்ட, வாங்கிக்கொண்டு பனிக்குள் கரைந்தார்கள். ரயில் போன பிறகும் நான் இலையோடு அங்கேயே நின்றிருந்தேன்.

பிறகு புதிதாக எழுதினேன். இட்லி பஞ்சுபோல இருக்கிறது, சட்னி தண்ணீராக இருக்கிறது, அந்த நேரத்தில் ரயிலுக்குப் போகிறவர்களுக்கு வேறு கடை இல்லை.

“சட்னியை எதுக்கு சார் போட்டுக் குடுத்தீங்க?”

“அது இருந்தாதாம்மா மத்ததை நம்புவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. நான் நேர்மையாக எழுதிய ஒரே அறிக்கை அவள் பிழைப்பைக் கெடுத்துவிடுமோ என்று வாரக்கணக்கில் பயந்தேன். எத்தனை பேரைப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன், அப்போதெல்லாம் இந்தப் பயம் வந்ததே இல்லை.

கடை அங்கேயே இருக்கலாம் என்ற பதில் கார்த்திகை தீபத்தன்று வந்தது.