முகம் காட்டாத கசெட்

என் அண்ணன், நாங்கள் நானா என்போம், சவூதியிலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்த பெரிய சாமான் ஒரு வீடியோ கமரா. முழுக் கசெட்டும் உள்ளே போகிற, தோளில் வைத்துப் பிடிக்கிற வகை. கைக்குழந்தையின் பாரம் இருக்கும். குழந்தையென்றால் தோள் வலித்தால் இடுப்புக்கு மாற்றலாம், இதை மாற்ற முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் சோனகத் தெருவில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடித்துப் பிழைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வந்த முதல் மாதத்திலேயே அந்தக் கணக்கு பாதியில் நின்றது. ஆண்கள் பக்கத்தில் நிக்காஹை அவர் பிடித்துவிடுவார். பெண்கள் இருக்கும் அறைக்குள் அவரை யார் விடப்போகிறார்கள்? மணப்பெண் இல்லாத கல்யாணக் கசெட்டை எந்த வீட்டுக்காரர் வாங்குவார்?

அப்படித்தான் நான் கமராக்காரி ஆனேன். ஓ லெவல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். நானா என்னை முற்றத்தில் நிறுத்தி வைத்து, கோழிகளைப் படம் பிடிக்கச் சொல்லிப் பழக்கினார். "ஆடாமல் பிடி. மூச்சை அடக்கிப் பிடி" என்பார். மூச்சை அடக்கினால் கை இன்னும் ஆடியது.

இந்திய ராணுவம் ஊரில் இருந்த காலம் அது. ஊரடங்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் கல்யாணங்களைப் பகலிலேயே முடித்தார்கள். காலையில் பெண் வீட்டுக்குப் போனால், கமரா விளக்கின் சூட்டில் வியர்த்து, எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு ஒரு சகன் தட்டில் மிஞ்சிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் உம்மா தோளில் எண்ணெய் தேய்த்துவிடுவார். தேய்த்துக்கொண்டே, "இந்தத் தோளோடை உன்னை ஆர் கட்டப்போறான்" என்பார்.

பள்ளிவாசல் நலன்புரிச் சங்கத்தார் எங்களைத் தேடி வந்தது அதற்கு அடுத்த வருடம். சங்கத் தலைவரை எல்லாரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவோம். கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருந்தவர். ஒருமுறை கடை எரிந்து, மறுபடி கட்டி, மறுபடி ஷெல் விழுந்து, மூன்றாவதாகத் தகரம் போட்டு நடத்திக்கொண்டிருந்தார். மதரசாவுக்குப் பின்னால் இருந்த அறையில் சங்கம் ஒரு தையல் வகுப்பு நடத்தியது. புருஷன் இல்லாதவர்கள், புருஷன் வெளிநாட்டில் இருந்தும் இல்லாதமாதிரி ஆனவர்கள் என்று பத்துப் பதினைந்து பெண்கள் அங்கே பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தார்கள். இருந்தது ஒரே ஒரு மெசின். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் கையால் பொத்தான்துளை தைத்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள்.

"வளைகுடாவிலை எங்கடை பொடியள் எத்தினை பேர் இருக்கிறாங்கள்" என்றார் ஹாஜியார். "கடிதம் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. வாசிச்சிட்டு மடிச்சு வைச்சிடுறாங்கள். கண்ணாலை கண்டா மெசின் வாங்கித் தருவாங்கள். ஒரு கசெட் செய்து அனுப்புவம்."

நானாவுக்கு உற்சாகம் பொங்கியது. கல்யாணம் அல்லாத ஒன்றைச் செய்ய அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி என்று எழுதினார். பெண்களைப் பிடிக்கவேண்டியது நான்.

தையல் அறைக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு போன முதல் நாள், யாரும் தலையை நிமிர்த்தவில்லை. முந்தானைகள் இன்னும் கொஞ்சம் முன்னால் இழுபட்டன. அவர்களில் மூத்தவர் ஒருவர். வகுப்பில் எல்லாரும் அவரை அக்கா முறையில் ராத்தா என்றுதான் சொல்வார்கள். அவருடைய புருஷன் ரியாத்தில் கட்டட வேலைக்குப் போய் மூன்றாவது நோன்புப் பெருநாள் கழிந்திருந்தது. ராத்தா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தங்கச்சி, உந்தக் கமராவை என்னத்துக்குக் கொண்டந்தனி?"

சொன்னேன்.

"மெசின் வந்தா நல்லதுதான். ஆனா எங்கடை முகம் வேண்டாம். நாளைக்கு அங்கை ஒரு அறைக்குள்ளை முப்பது ஆம்பிளையள் இருந்து, இது ஆரின்ரை பெஞ்சாதி, இது ஆரின்ரை மகள் எண்டு பாக்கிறதுக்கு நாங்கள் என்ன குற்றம் செய்தம்?"

"முகம் இல்லாட்டி எதை ராத்தா பிடிக்கிறது?"

அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டினார். "இந்தா இருக்கு. வேலை செய்யிறது இதுதானே."

அதனால் கைகளைப் பிடித்தேன். துணியை மடிக்கிற கை, நூலைப் பல்லுக்குக் கொண்டுபோகிற கை, மெசின் சில்லைச் சுற்றுகிற கை. இரண்டு நாள் முழங்காலில் நின்று பிடித்தேன். எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

கசெட்டைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தது எங்கள் வீட்டு மண்டபத்தில். கசெட் ஓட்டுகிற இரண்டு டெக்கும் ரீவிப் பெட்டியும் அங்கேதான் இருந்தன. சங்கத்தார் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் உள்ளறையில் சீலைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். முதலில் சங்கீதம் பற்றிய பேச்சு வந்தது. சங்கீதம் போடக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்று. அப்படியென்றால் என்ன சத்தம்? நானா மெசின் ஓடுகிற சத்தத்தை அப்படியே விட்டிருந்தார். அது பரவாயில்லை என்றார்கள். அதற்குப் பிறகு ஹாஜியார் கேட்டார்.

"முகம் எங்கை?"

நானா விளங்கப்படுத்தினார்.

"தம்பி, கையைப் பாத்து ஆர் தருவான்? ஒரு பிள்ளையாவது அழவேணும். கண்ணீரைக் காட்டாமல் இந்தக் காலத்திலை ஆரும் பொக்கற்றுக்குள்ளை கை விடமாட்டான்."

எனக்குள் என்ன ஏறியதோ, திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "அவையளுக்கு விருப்பமில்லை, ஹாஜியார்."

பெண்குரல் கூட்டத்தில் புகுந்ததற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. குரல் இறங்கிச் சொன்னார்.

"மகள், எனக்கு மட்டும் விருப்பமே? இருவது வருசமா ஒவ்வொரு வாசலாப் போய்க் கை நீட்டுறன். பள்ளிக்குக் கூரை, மையித்தை மூடி அடக்கச் சீலை, பிள்ளையளுக்குக் கொப்பி. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. எதைக் காட்டினாத் தருவாங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதாலை சொன்னன்."

அவர் சொன்னது பொய் இல்லை. கடைசியில் ஒரு சமரசம் வந்தது: கைகள் அப்படியே இருக்கட்டும், தொடக்கத்தில் தலைவர் பேசுவார். அவர் பேசியதை நானா பிடித்தார். பேச்சு நீண்டது. செயலாளரும் பேசவேண்டும் என்றார்கள், பொருளாளரும் பேசவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெக்கிலிருந்து டெக்குக்குப் பிரதி எடுக்கவேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் படம் கொஞ்சம் மங்கும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நானாவின் உற்சாகம் வடிந்துபோனது. ஒருநாள் டெக்கின் முன்னால் உட்கார்ந்தபடி, "கல்யாண வீடே மேல்" என்றார்.

லீவில் வந்து திரும்பிய ஒருவர் கசெட்டை ரியாத்துக்குக் கொண்டுபோனார்.

அதைப் பற்றி நாங்கள் ஏறக்குறைய மறந்துவிட்ட நேரத்தில், ஒரு பின்னேரம் ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, மனிசன் வந்திட்டார்."

"எங்கையிருந்து?"

"ரியாத்திலை இருந்துதான். ஒப்பந்தம் முடிய முந்தியே வந்திட்டார். உன்ரை கசெட்டைப் பாத்தவராம்."

எனக்கு விளங்கவில்லை. ராத்தா தன் இடது கையை என் முன்னால் நீட்டினார். மோதிர விரலின் நகம் நடுவால் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. சின்ன வயதில் கதவில் நசிந்ததாம். அத்தனை நேரம் அந்தக் கையைப் படம் பிடித்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவருடைய கதையை அன்றுதான் முழுவதும் அறிந்தேன். புருஷன் வேலை செய்த கம்பனி நெடுநாளாக ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கவில்லை. ராத்தாவின் சொந்த நானா குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் புருஷனை அனுப்பியிருந்தார். அந்த நானா கொஞ்சக் காலத்திலேயே கையை விரித்துவிட்டார். ராத்தா அதைப் புருஷனுக்குச் சொல்லவே இல்லை. பேச்சைக் கசெட்டில் பதிந்து அனுப்பும்போதெல்லாம், "நானா எல்லாம் பாக்கிறார், நான் சும்மா வீட்டிலை இருக்கிறன்" என்று சொல்லியிருக்கிறார்.

"கோபமா இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

"கோபமெண்டாத் தாங்கலாம். ஒண்டும் கதைக்கிறாரில்லை. அந்தக் கசெட்டை இன்னொருக்கால் பாக்கவேணுமாம். அதுதான் கேக்க வந்தனான்."

அடுத்த நாள் அவர் வந்தார். வெயிலில் கறுத்து, சட்டை தோளில் தொங்குகிற மெலிந்த மனிதர். நானா ரீவியைப் போட்டார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். ஹாஜியாரின் பேச்சு ஓடியது, செயலாளரின் பேச்சு ஓடியது. அவர் அசையாமல் இருந்தார். கைகள் வந்தபோது முன்னால் நகர்ந்து ரீவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார். பிளந்த நகம் துணியின் மேல் ஓடி மறைந்தது.

"தம்பி, அந்த இடத்தை இன்னொருக்கால் போடுங்கோ."

நானா திருப்பிப் போட்டார். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டார். பிறகு கரண்ட் போய்விட்டது. இருண்ட ரீவியைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"அங்கை சீமெந்து மூட்டை தூக்கேக்கை நான் என்ன நினைச்சனான் தெரியுமே? ரெண்டு பேரிலை ஒராளெண்டாலும் இருந்து இளைப்பாறுது எண்டு நினைச்சன். அந்த நினைப்பிலைதான் தூக்கினனான். அங்கை எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கேக்கை உந்தக் கையைக் கண்டன். அதுக்குப் பிறகு என்னாலை ஒரு மூட்டை தூக்க ஏலாமப் போச்சு."

உள்ளே உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன். சீனி இல்லை. பனங்கட்டித் துண்டு ஒன்றோடு கொடுத்தனுப்பினேன். அவர் முழுவதும் குடித்துவிட்டு, நானாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஹாஜியாருக்கு இந்தச் செய்தி பிடிக்கவில்லை. "மெசின் கேட்டம், ஆளை அனுப்பியிருக்கினம்" என்றார். ஆனால் ராத்தாவின் புருஷனுக்குத் தன் கடையில் துணிக்கட்டு இறக்குகிற வேலையைக் கொடுத்தவரும் அவர்தான். ராத்தா தையலை விடவில்லை. ஒருநாள் மெசினில் தன் முறை முடிந்து எழும்பியபோது என்னிடம் சொன்னார்: "இப்ப ரெண்டு பேரும் பின்னேரம் ஒரே நேரத்திலை களைச்சு வாறம். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அது போதும்."

மெசின்களும் வராமல் போகவில்லை. ரியாத்தில் இருந்தவர்கள் சேர்ந்து பணம் அனுப்ப, ஹாஜியாரின் உறவினர் ஒருவர் கொழும்பில் வாங்கி வைத்தார். லொறிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இந்திய ராணுவம் போன கொஞ்சக் காலத்தில், மறுபடி சண்டை தொடங்கியது. பாதை அடைபட்டது, கரண்ட் முற்றாக நின்றது. கமராவைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தோம். இனி அதற்கு வேலை இல்லை.

அந்த வருடம் ஐப்பசியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத்தெருவாக வந்தது. எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்றது. போனோம். முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டு உடனே போகவேண்டும் என்று துப்பாக்கி வைத்திருந்த இயக்கக்காரர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு ஓடி வந்து எடுக்க முடிந்ததை எடுத்தோம். நானா கமராவைத் தூக்கினார். சந்தியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் மேல் நகைகள், ரேடியோக்கள், கைக்கடிகாரங்கள். எங்களைவிட வயது குறைந்த ஒருவன் கமராவைக் காட்டி, "உது என்ன?" என்று கேட்டான். நானா அதைத் தானாகவே மேசையில் வைத்தார். கசெட்டுகள் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. ஊரின் பாதிக் கல்யாணங்கள் அந்த அலுமாரிக்குள் இருந்தன. அவற்றை யாரும் கேட்கவுமில்லை, நாங்கள் எடுக்கவுமில்லை.

வாகனங்களில் ஏறியும் இறங்கியும் நடந்தும் புத்தளம் வந்து சேர்ந்தோம். தென்னந்தோட்டத்தில் அகதி முகாம், ஓலைக் கிடுகுக் கொட்டில்கள். உம்மா முதல் கிழமை முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. ஹாஜியாரின் தாடி அங்கே வந்தபிறகுதான் முழுவதும் வெளுத்தது. அவர் கொழும்புக்குப் போய், வாங்கி வைத்திருந்த மெசின்களை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணம் வந்திருந்தால் சந்தியில் அவையும் போயிருக்கும் என்று சனங்கள் சொன்னார்கள். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒருவருக்கும் தெம்பு இருக்கவில்லை. இறக்கினோம், கொட்டில்களுக்குப் பங்கிட்டோம். ராத்தாவுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒன்று கிடைத்தது. அவருடைய புருஷன் உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். சில வருடங்களில் அங்கேயே ஒரு துண்டுக் காணி வாங்கிக் குடிசை போட்டார்கள். நானா மறுபடி கமரா வாங்கவில்லை. சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்றார்.

முகாமுக்கு எத்தனையோ உதவிச் சங்கங்கள் வந்தன. கொழும்பிலிருந்து வந்தார்கள், வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். எல்லாரிடமும் கமரா இருந்தது. பெண்கள் பக்கத்தைப் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்று தேடுவார்கள். யாராவது என்னைக் கைகாட்டி விடுவார்கள். புதுக் கமராக்கள் பாரம் குறைந்தவை, ஒரு கையிலேயே பிடிக்கலாம். சில தடவை போனேன். சில தடவை, முகமும் கண்ணீரும் வேண்டும் என்று கேட்டபோது, ஏலாது என்று சொன்னேன். ஏலாது என்று சொன்ன நாட்களில் நன்றாக உறங்கினேன்.