பன்னீர் கலந்த ஒயின்

சேலத்தில் மதுவிலக்கு வருவதற்கு ஓரிரண்டு வருஷங்களுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் மூன்று பேர் சூரமங்கலத்தில் கூடுவோம். வீடு, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டுடையது. மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். பழைய சிநேகிதர்கள் வழியாகப் புதுச்சேரியிலிருந்து அவருக்குச் சிவப்பு ஒயின் வரும். இன்னொருவர் திருச்செங்கோட்டுக்காரரான வக்கீல். நான் கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன்.

குடித்துத் தள்ளாடுகிற கூட்டமல்ல. ஆளுக்கு அரைக் கோப்பை. முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, தோன்றியதை ஒருவருக்கொருவர் காட்டாமல் சீட்டில் எழுதுவோம். பிறகு மூன்றையும் வாசித்துச் சண்டை போடுவோம். அதுதான் ருசியே.

சில மாதங்களாகக் கார்டின் சீட்டும் வக்கீலின் சீட்டும் ஒன்றுபோல் இருக்கத் தொடங்கின. நாவற்பழம் என்றால் இருவருக்கும் நாவற்பழம். ஒருநாள் இருவருமே 'நனைந்த சாக்கு' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மூக்குகளுக்கு ஒரே சாக்கு எப்படித் தோன்றும்?

அதன்பின் கவனித்தேன். நான் போகும்போதெல்லாம் வக்கீலின் செருப்பு வாசலில் கிடந்தது. பாட்டிலும் ஒரு விரல் குறைந்திருந்தது. கார்டிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, என் முன்னால் பெரிய ரசிகராக வேஷம் போடுகிறார் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரம் சட்டைப்பையில் சிறிய பன்னீர்ப் புட்டியோடு போனேன்.

"இன்னைக்கு நான் ஊத்துறேன்" என்று பாட்டிலைச் சமையலறைக்கு எடுத்துப்போய், மூன்று கோப்பைகளிலும் சில சொட்டுகள் விட்டேன். கூடத்துக்கு வருமுன்பே வாசனை தூக்கியது.

வக்கீல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

சீட்டுகளைப் பிரித்தேன். கார்டு, வக்கீல் இருவர் சீட்டிலும், 'நாவற்பழம், கொஞ்சம் புகை.' கார்டும் பன்னீரை எழுதாததை நான் யோசிக்கவேயில்லை; என் கோபமெல்லாம் வக்கீல் மேல்தான்.

"பன்னீர் கலந்திருக்கேன் வக்கீல் சார். அதுகூடவா தெரியல? யார் சொல்லிக்கொடுத்து எழுதறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கார்டு தம் கோப்பையை எடுத்து முகர்ந்தார். திரும்பத் திரும்ப முகர்ந்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். "எனக்குத்தான் வாசனையே தெரியறதில்ல. போன ஐப்பசியில வந்த காய்ச்சலோட மூக்கு போச்சு. அவர் முன்னாடியே வந்து குடிச்சுப் பாத்து, என்ன எழுதணும்னு சொல்வார். உங்களுக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை நின்னுபோயிடுமோன்னு பயந்தேன்."

நான் வக்கீலைப் பார்த்தேன்.

"கோப்பையத் தூக்குனப்பவே தெரிஞ்சுதுங்க" என்றார் மெதுவாக. "பன்னீருன்னு எழுதியிருந்தா இவரை மாட்டி உட்டமாதிரி ஆயிருக்குமுங்க. ஏனுங்க, சந்தேகமுன்னா என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமுங்களே?"

இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அதோடு சீட்டு எழுதுவதை விட்டோம். வக்கீலும் நானும் வாய்விட்டுச் சொல்ல, கார்டு கண்ணை மூடிக் கேட்பார். நான் அத்திப்பழம் என்றால் தலையாட்டுவார். வக்கீல் மறுத்து நாவற்பழம் என்றாலும் அதேபோல் ஆட்டுவார். உண்மையிலேயே அந்த வாசனைகள் அவர் நினைவுக்கு வந்தனவா, எங்கள் மனம் நோகாமலிருக்க ஆட்டினாரா என்று அப்போதும் அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மதுவிலக்கு வரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.