ஆண்கள் வார்டில் நான்காவது நாள்

நர்சிங் முடித்து, கவுன்சில் பதிவும் கைக்கு வந்தபின் எட்டு மாதம் கோயம்புத்தூரில் நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. வாசலில் செக்யூரிட்டி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். "அட்டெண்டர் வேலைக்குங்களா? பின்னாடி கேட்டு வழியா போங்க" என்பார். எப்படியோ உள்ளே போய் ஃபைலை நீட்டினால், ஆபீஸில் இருக்கும் பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு அதை மூடிவிடுவார். "ஆம்பளை நர்ஸ் எடுக்கறதில்லைங்களே." என்னோடு படித்த பெண்களுக்கும் ஒன்றும் வாரிக் கொடுத்துவிடவில்லை. அவர்களிடம் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். என்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை.

அப்பா சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் வாழை போட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் விசாரித்தால், "பையன் மெடிக்கல் லைன்ல இருக்கறானுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். நர்ஸ் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? நானே பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்டால், "ஹாஸ்பிடல்லங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள்தான். டாக்டர் படிப்புக்கு மார்க் போதாமல் சேர்ந்த படிப்பு இது. ஆனால் இரண்டாம் வருடம் வார்டுக்குப் போனபோது பிடித்துப்போனது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரை நான்கு வாரம் தினமும் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, முதுகுப் புண் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவதைப் பார்த்தேன். இந்த வேலை எனக்கு வரும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அப்பா ஒரு கெடு வைத்தார். "தை பொறக்கட்டும் கண்ணு. அதுக்குள்ள ஒண்ணும் அமையலீன்னா மாமங்கிட்டப் போயிரு. அவனும் ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்கறான்." மாமா பல்லடத்தில் கோழித்தீவனக் கம்பெனி நடத்துகிறார். சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்தது. நல்ல மனிதர், நல்ல நாற்காலி. எனக்கு அதை நினைத்தாலே எரிச்சல் வந்தது. நான் பிடிவாதக்காரன். ஒரே ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போக ஆரம்பித்தேன். ஏழாவது செவ்வாய்க்கிழமை, நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த ஆளு இன்னும் வந்துட்டுதான் இருக்காரா?"

ஆண்கள் சர்ஜரி வார்டில் ஓர் இடம் இருந்தது. அதற்கு ஒரு பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் ட்ரையல், அதன்பின் அவர் முடிவு சொல்வார். கழுத்தில் சிறிய சிலுவை, கையில் எப்போதும் ஒரு பேனா. அந்தப் பேனாவால் என்னைச் சுட்டிச் சொன்னார்: "பேச்செல்லாம் வேண்டாம். வேலையைப் பாத்துதான் சொல்வேன்."

முதல் நாளே ஒன்று புரிந்தது. வாசலில் என்னை அட்டெண்டர் என்றவர்கள், வார்டுக்குள் டாக்டர் என்றார்கள். ஆணாக இருந்து, வெள்ளை கோட்டும் போட்டிருந்தால், நோயாளிகளுக்கு டாக்டர்தான். எங்களை பிரதர் என்று கூப்பிடுவது ஆஸ்பத்திரி வழக்கம். அது வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு எங்கே தெரியும்? முதல் இரண்டு பேரிடம் "டாக்டர் இல்லைங்க" என்றேன். மூன்றாவது ஆளிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஸ்டெதாஸ்கோப்பைப் பையில் இருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ஆனைமலையில் இருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்து சேர்ந்தார். குடலிறக்கம், மறுநாள் காலை ஆபரேஷன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஏனுங்க டாக்டரு, நாளைக்குக் காலைல ஏதாச்சும் சாப்பிடலாங்களா?"

"ஒண்ணும் சாப்பிடக்கூடாதுங்க. தண்ணிகூட வேண்டாம்."

"தெனமும் பிரஷர் மாத்திரை ஒண்ணு போடறனுங்க. அது?"

கேஸ் ஷீட்டைப் பார்த்திருக்க வேண்டும். இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். நர்ஸாக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் நான் டாக்டராக இருந்தேன்.

"அதுவும் வேண்டாங்க" என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்தபோது அவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். பிரஷர் நூற்றித் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது, ஆபரேஷன் நாளைக்கு என்று சொல்லிவிட்டார் மயக்க மருந்து டாக்டர். ஆறு மணிக்குக் கொஞ்சம் தண்ணீரில் மாத்திரை கொடுக்கும்படி ஷீட்டில் எழுதியிருந்தது. சிஸ்டர் கொடுத்ததாகக் கையெழுத்தும் இருந்தது. மாத்திரை மட்டும் தலையணைக்கு அடியில் இருந்தது.

"சிஸ்டரம்மா ஆசையா கொண்டாந்து குடுத்தாங்க. வேண்டாம்னா மனசு நொந்துக்குவாங்கன்னு வாங்கி வெச்சுப்போட்டனுங்க" என்றார் தோப்புக்காரர். "டாக்டரு வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்களே."

"எந்த டாக்டர்?"

"தாடி வெச்ச டாக்டருங்க. உசரமா இருப்பாரு."

எல்லோரும் டியூட்டி டாக்டரைப் பார்த்தார்கள். அவருக்கும் தாடி, அவரும் உயரம், என் வயதுதான் இருக்கும். "சார், நான் சொல்லவே இல்லை சார்" என்றார். மயக்க மருந்து டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். பேஷன்ட்டுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று வார்டே கேட்கும்படி கத்தினார். சூப்பரின்டெண்டென்ட் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். தோப்புக்காரரின் கண்ணாடி மேஜையில் இருந்தது. அவருக்கு நான் தெரிந்திருக்க வழியில்லை. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஏழு மணி நேரம் ஓட்டினால் ட்ரையல் முடிந்துவிடும். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். எட்டு மாத அலைச்சல் கண் முன்னால் வந்து நின்றது. பல்லடத்து நாற்காலியும்.

டியூட்டி டாக்டரின் காது சிவந்துபோயிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"நான்தான் சொன்னேனுங்க சார்" என்றேன். "நான் டாக்டர் இல்லைங்க. நர்ஸ்."

அந்தச் சொல்லை அவ்வளவு பேர் முன்னால், அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பின் எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுதப்போவதில்லை, தகுதியான திட்டு. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னார் சூப்பரின்டெண்டென்ட். எழுதினேன். நின்றுகொண்டே படித்தார்.

"அவர் டாக்டர்னு கூப்பிட்டப்போ ஏன் இல்லைன்னு சொல்லலை?"

"கேக்க நல்லா இருந்துச்சுங்க மேடம்."

அவர் பேப்பரை ஃபைலில் வைத்தார். டியூட்டி முடிந்து நான் கிளம்பும்போதும் வேலை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணபதி ஏரியாவில் இருந்த என் அறைக்குப் போய்க் கவிழ்ந்து படுத்தேன். அழுகைகூட வரவில்லை, அவமானம்தான். அப்பா இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. மனதில் ஓடியது ஒன்றுதான். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு யாரோ ஒரு சிஸ்டர் மாத்திரையை நீட்டுவார். அந்த மனிதர் மறுபடியும் மரியாதைக்கு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தால்? வேண்டாம் என்று அவரிடம் சொன்னவன் நான். போடலாம் என்றும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

நான்காம் நாள் ஐந்தேமுக்காலுக்கு வார்டில் நின்றேன். ஸ்டெதாஸ்கோப்பை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆபரேஷன் நாட்களில் சூப்பரின்டெண்டென்ட் சீக்கிரம் வந்துவிடுவார். என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"உங்க ட்ரையல் நேத்தோட முடிஞ்சுதே?"

"தெரியுங்க மேடம். அவரு மாத்திரை போட்டதும் போயிர்றேன்."

அவர் மருந்துத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கூடவே வந்தார். நான் ஷீட்டில் இருந்த உத்தரவை இரண்டு முறை படித்தேன். மாத்திரையையும் அளவாகத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். தோப்புக்காரர் வழக்கம்போல எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்க டாக்டரு."

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பரின்டெண்டென்ட் முந்திக்கொண்டார்.

"அவர் டாக்டர் இல்லைங்கய்யா. எங்க ஸ்டாஃப் நர்ஸ். இனிமேல் இந்த வார்டுலதான் இருப்பார்."

நான் சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். தண்ணீர் கொஞ்சம் தட்டில் சிந்தியது. அவர் பேனாவை எடுத்து ஷீட்டில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டார்.

"அப்படீங்களா!" தோப்புக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "அப்ப டாக்டரு சொல்லிப்போட்டுப் போயிருவாரு. ராவும் பகலும் நம்மளப் பாத்துக்கறது நீங்கதானுங்க?"

"நாந்தானுங்க" என்றேன். அவர் மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்று, கையெழுத்துப் போட்டேன்.