வடிந்த வீக்கம்

புட்டியின் மூடியைத் திருகியதும் சத்து மாத்திரையின் புளித்த வாடை எழுந்தது. நாற்பது வருடம் பின்னால் போய், எம்.ரெட்டியபட்டி வீட்டு அடுப்படியில் நின்றேன்.

அம்மாவுக்கு அப்போது முழங்கால் இரண்டும் பனங்காயாய் வீங்கிக் கிடந்தன. அருப்புக்கோட்டை டாக்டர் இதே மாதிரி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா தினமும் உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஊற்றித் தின்னச் சொன்னார். ஊர்க்கோடி அடிபம்பில் தண்ணீர் எடுக்கும் வேலை பத்து வயதான எனக்கு வந்தது. காலையில் எட்டுக் குடம். குடம் உரசி உரசி இடுப்புத் தோல் கன்றிப்போனது. வீட்டுக்கும் பம்புக்கும் நடுவே நானொரு பாதையாகத் தேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா ஏணியில் விறுவிறுவென்று ஏறி, பரணில் இருந்த உளுந்துப் பானையை எடுக்கிறாள்.

"கால் சரியாப் போச்சாம்மா?"

"மெல்லப் பேசுடி. ஒங்கப்பா காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே கொடத்தைக் கையில குடுத்துருவாக. பதினஞ்சு வருசம் சொமந்துட்டேன்டி."

"அப்ப நானு?"

அம்மா பானையோடு இறங்கி அடுப்படிக்குள் போனாள். சாயங்காலம் அப்பா வந்து, "வலி கொறஞ்சிருக்கா?" என்றார். அம்மா சுவரைப் பிடித்து நொண்டினாள், என்னையே பார்த்தபடி. நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

கையில் இருந்த மாத்திரையை இப்போது விழுங்கினேன். ஒரு வாரமாக எனக்கும் முழங்கால் வலி இல்லை.

"அம்மா, தண்ணி லாரி வந்துருச்சு. இன்னைக்கு ஒனக்குக் கால் எப்படி இருக்கு?" வாசலில் குடத்தோடு நின்று மகள் கேட்கிறாள்.

என் கை தானாகச் சுவரைத் தேடுகிறது.