மூக்கைவிட்டுப் போகாத மீன்

மீன் தீவன ஆலையில் கலவைப் பகுதியைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்மணிக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ஆனால் முதலாளி முதல் வாயிற்காவலர் வரை எல்லாருக்கும் அவள் கருவாட்டக்காதான். கடலில் பிடித்த பொடி மீன்களைக் காயவைத்து அரைத்த தூள்தான், பண்ணைக் குளங்களில் வளரும் மீன்களுக்கான தீனியில் முதல் சரக்கு. அந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் எழும் நெடி ஆளைக் கீழே தள்ளும். வருஷக்கணக்காக அதிலேயே புழங்கியதில் அது அவள் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் குடியேறிவிட்டது.

பேருந்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. "மகாராணி மாதிரி ரெண்டு சீட்டு எனக்கு" என்று சிரிப்பாள். வீட்டுக்குள் அவள் கால் வைத்ததும் நாத்தனார் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள். கணவர் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. பஞ்சர் கடை வைத்திருந்த அவர் மூக்கில் ரப்பரைத் தவிர வேறெதுவும் ஏறாது. ஜாடிக்கேற்ற மூடி.

ஒருநாள் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, மீன் தூளை நிறுத்தப்போவதாகச் சொன்னார். "கடல்ல ஒரு மீனைப் பிடிச்சு அரைச்சு இன்னொரு மீனுக்குப் போடுறது எத்தனை காலம் ஓடும்? இனிமே சோயாப் புண்ணாக்கு, பட்டாணி மாவு."

"மீனைச் சாமியாராக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார் மூட்டை தைப்பவர். வாய் ஓயாததால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

ஆய்வுக்கூடத்து அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினாள். "செடியில இருக்கறதும் புரதம்தான். ஆனா மீனுக்கு வாசனை வேணும், இல்லேன்னா தீனின்னே தெரியாது. அதனால ஒவ்வொரு கலவைக்கும் ஒரு குவளை மீன்சாறு ஊத்தணும். அக்கா, அது உங்க பொறுப்பு."

புதுச் சரக்கு வந்ததும் ஆலை மாவு மில் போல மணத்தது. பேருந்தில் ஒரு பெண் தயங்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் மருமகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தாள். கருவாட்டக்காவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒண்டினாள். ஏனென்றால் அவள் மூக்குக்கு மீன் நெடி கொஞ்சமும் குறையவில்லை. இந்த அம்மாளுக்கு மூக்கு அடைத்திருக்கிறதா, இல்லை மரியாதைக்குச் சகித்துக்கொள்கிறாளா?

வீட்டுக்கு வந்து கணவரிடம் கையை நீட்டினாள். "மோந்து பாருங்க. நாறுதா?"

"நல்லாத்தான் இருக்கு."

"உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க" என்று நாத்தனாரிடம் போனாள்.

நாத்தனார் கையைப் பிடித்து நன்றாகவே முகர்ந்தாள். "சத்தியமா ஒண்ணுமில்ல அண்ணி. சோப்பு வாசனைதான் வருது." ஜன்னலும் மூடித்தான் இருந்தது. என்றைக்கும் இல்லாத திருநாளாக நாத்தனார் நல்ல வார்த்தை பேசியதே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மறுபடி போய்க் குளித்தாள். சோப்பு நுரைக்குள்ளிருந்தும் மீன்தான் வந்தது.

சில வாரம் போனபின், ஆலையின் பழைய வாடிக்கையாளரான பண்ணைக்காரர் இரண்டு தீனி மூட்டையோடு வந்து இறங்கினார். முகம் கடுகடுத்தது.

"வாயில வாங்குது, ஒரு சப்பு சப்புது, துப்பிட்டுப் போயிடுது. குழந்தைக்குக் கசப்பு மருந்து குடுத்த மாதிரி. இதுல மீன்சாறு இருக்கா இல்லையா?"

மேலாளர் திரும்பினார். "ஊத்தினீங்களாக்கா?"

"ஊத்தினேனே."

"நிச்சயமா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் தன் வழக்கத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கலவை சுழலும்போது குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பாள். வாசனை வந்தால் ஊற்றியாயிற்று என்று மனசு சொல்லும், அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். ஆனால் அந்த வாசனை பேருந்திலும் வந்தது, குளியலறையிலும் வந்தது, தலையணையிலும் வந்தது. அது எப்போது வராமல் இருந்தது? ஊற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் அவை எந்த நாட்கள்?

"தெரியல சார்."

"ஊத்தினேன்னு சொல்லுங்க, இல்ல ஊத்தலைன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதிலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"நான் நடுவுலதான் சார் நிக்கிறேன்."

சாறு இருந்த பீப்பாயைப் பார்த்தார்கள். அது அடியில் ஒழுகியிருந்தது, தரையையும் கழுவிவிட்டிருந்தார்கள், எவ்வளவு செலவானது என்று யாருக்கும் தெரியாது. ரேடியோ மூட்டைக்குள் தலையை விட்டு மோந்தார். "வர்ற மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. எனக்கு வேற சளி." ஆய்வுக்கூடத்து அம்மா ஒரு பிடி எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவு கொஞ்சமாகச் சேர்த்ததைத் தன் கருவி காட்டிக்கொடுக்காது என்றாள்.

கடைசியில் எல்லார் கண்முன்னும் கருவாட்டக்கா ஒரு குவளை சாற்றை ஊற்றிப் புதுத் தீனி தயாரித்தாள். அதைப் பண்ணைக்குக் கொண்டுபோய் ஒரு தொட்டியில் போட்டார்கள். பக்கத்துத் தொட்டியில் திருப்பிக் கொண்டுவந்த பழைய தீனி. அவள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். புதுத் தீனி விழுந்ததும் மீன்கள் ஓடிவந்தன. வாயில் வாங்கின. துப்பின. பழைய தீனியையும் அப்படியே துப்பின.

"இப்போ என்னங்க அர்த்தம்?" என்றார் பண்ணைக்காரர்.

தான் தப்பித்தாளா, இன்னும் வசமாக மாட்டிக்கொண்டாளா என்று கருவாட்டக்காவுக்கும் புரியவில்லை.

சில நாளில் பண்ணைக்காரரே தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு தொட்டியிலும் மீன்கள் தின்ன ஆரம்பித்துவிட்டனவாம், ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு. தண்ணீர் குளிர்ந்திருந்து இப்போது சூடேறியதால் இருக்கலாம் என்றாள் ஆய்வுக்கூடத்து அம்மா. புது ருசி பழகியிருக்கலாம், பசி ருசி அறியாமலும் இருக்கலாம் என்றாள்.

"அப்போ அந்த மூட்டையில நான் சாறு ஊத்தினேனா, இல்லையா?" என்று கேட்டாள் கருவாட்டக்கா.

"அது இனிமே தெரியாதுக்கா. மீன்தான் தின்னுடுச்சே, விடுங்க."

விட முடியவில்லை. மூக்கு வைத்தியரிடம் போனாள். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சில மூக்குகள் பழைய வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போனாலும் போகும், போகாமலும் இருக்கும் என்றார். தெரியாததைக் கேட்கப் போய் இன்னொரு தெரியாததை வாங்கிக்கொண்டு வந்ததாகக் கணவரிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் மூக்கை நம்புவதை அவள் நிறுத்திவிட்டாள். சாறு ஊற்றும்போது ரேடியோவைத் தையல் இயந்திரத்திலிருந்து கூப்பிட்டு நிறுத்திக்கொள்வாள்.

"பார்த்தீங்களா? ஊத்தறேன்."

"பார்த்தேன், பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"ஊத்தினதைப் பார்த்தேன் தாயே! குவளை முழுக்க! போதுமா?"

அவள் காலிக் குவளையை அவர் கண்ணெதிரே கவிழ்த்துக் காட்டிவிட்டு, இயந்திரத்தின் விசையைத் தட்டினாள்.