யார் போட்ட தையல்

சந்தேகம் சிலருக்கு வரும், போகும். காஜாக்காவிடம் அது வாடகை கொடுக்காமல் நிரந்தரமாகக் குடியிருந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். வானம் துளி மேகமில்லாமல் வெளுத்திருந்தால், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவாள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுவது, அதாவது காஜா எடுப்பது, அவள் தொழில். தையல் கூடத்திலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளுக்கு முன்னறை சன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுத்து, பொத்தான் வைத்துத் திருப்பி அனுப்புவாள். ஒரு தையலைப் பார்த்தால் போதும், போட்டவர் அவசரக்காரரா, சோம்பேறியா, அன்றைக்கு வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்தவரா என்று சொல்லிவிடுவாள். பாதி சரியாக இருக்கும். மீதியையும் சரி என்றே சாதிப்பாள்.

அவள் கணவர் அதே தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். கூடத்தில் அவருக்குப் பெயர் அரைக்கை. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒருமுறை அறுபது முழுக்கைச் சட்டைக்கு ஆர்டர் வந்தது. துணியை அறுபது மடிப்பாக விரித்து, மேலே அளவு அட்டையை வைத்து, அட்டை நகராமலிருக்க நாலு மூலையிலும் இரும்புக் கட்டைகளை வைத்தார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அந்த நேரம் பார்த்து மின்விசிறி கடகடவென்றது. சத்தம் எந்த றெக்கையிலிருந்து வருகிறது என்று அண்ணாந்து யோசித்தபடியே, வைத்திருப்பது அரைக்கை அட்டை என்பதைப் பார்க்காமல் அறுபதையும் ஒரே வெட்டாக வெட்டித் தள்ளினார்.

வேலை தெரியாதவர் இல்லை. கவனம்தான் கட்டிய இடத்தில் நிற்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குழாயைப் பார்க்கப் போவார். குழாயைக் கழற்றியதும் ஆணி தேடப் போவார். ஆணி டப்பாவில் ஒரு பழைய சாவி கிடைத்தால் அது எந்தப் பூட்டுக்கு என்று வீடெல்லாம் சுற்றுவார். அதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்திருக்கும். ஒரு பொத்தான் தைக்கச் சொன்னால் மூன்று குத்து வரிசையாக விழும், நாலாவது குத்து அடுத்த ஊரில் விழும். அவர் கை வைத்த தையலையெல்லாம் பதினோரு வருடமாகக் காஜாக்கா பிரித்துப் பிரித்துத் தைத்தாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

அப்படிப்பட்ட மனிதர் ஐந்து மாதமாக ஆளே மாறிப்போனார். பால் பொங்கவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. கூடத்தில் ஒரு துணிகூட வீணாகவில்லை என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னாராம். வேறொருத்தியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்பு கொடுத்திருப்பாள். காஜாக்கா விரல் மடக்கி மாதக் கணக்குப் போட்டாள். பதினோரு வருடம் நான் தொண்டை கிழியக் கத்தித் திருத்த முடியாத ஆளை ஐந்து மாதத்தில் திருத்தினது எவள்?

கேள்வி ஒன்று கிளம்பிவிட்டால் அவளுக்குப் பதில்கள் தானாக வந்து வரிசையில் நிற்கும். எப்போது பார்த்தாலும் வாயில் புதினா மிட்டாய், கையில் தண்ணீர் பாட்டில். வாய் மணக்க யாரோடு பேச வேண்டியிருக்கிறது? காலையில் எழுந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம், பிறகு ஒன்றும் தெரியாத முகம். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினால் கரண்டி கீழே விழுந்தாலும் பாய்ந்தார். அரை மணி நேரம் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமலே சட்டைகளை மடித்துக் கொடுத்தார். தப்பு செய்கிறவன்தான் இப்படிக் குழைவான் என்று அவள் குறித்துக்கொண்டாள். ஒரு ஞாயிறு மதியம் அவர் மார்பில் சாய்ந்தபோது இதயம் ஓடி வந்தவனுக்கு அடிப்பதுபோல் அடித்தது. நடந்ததோ கட்டிலிலிருந்து நாற்காலி வரை.

இதற்கு நடுவில் தையல் கூடத்திலிருந்து சட்டை மூட்டை கொண்டுவந்த இஸ்திரிக்காரர் வாயை விட்டார். அவர் நல்ல மனிதர், நாக்குக்கு மட்டும் கதவில்லை. அக்கா, முட்டை வறுவலில் நேற்று உப்பு கொஞ்சம் கம்மி என்றார். என் வீட்டு முட்டையில் உப்புப் பார்க்க இவர் யார் என்று அவள் விழித்தாள். மாஸ்டர் நாலு மாதமாகத் தன் சாப்பாட்டு டப்பாவைத் தொடுவதே இல்லை, தான்தான் காலி செய்கிறேன் என்று அவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். தினமும் டப்பா கழுவித் துடைத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, இங்கே சோற்றையே மறைத்திருந்தார். என் சாப்பாடு வேண்டாமென்றால், வேறு யார் வீட்டுச் சாப்பாடு?

அப்படி வேறு வீட்டில் சாப்பிடுகிற மனிதர் ஏன் இளைக்கிறார் என்று யோசித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சந்தேகம் தனக்குப் பிடித்த தெருவில்தான் நடக்கும்.

அந்த வாரம் துணி துவைக்கும்போது அவருடைய கறுப்புப் பேண்ட்டைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம், இடுப்புப் பட்டிக்குக் கீழே, மூன்று விரற்கடை உள்ளே பிடித்துத் தைத்திருந்தது. மெஷின் தையல் இல்லை, கைத்தையல். சின்னச் சின்னதாக, ஒன்றுபோல் ஒன்று, நூலை இழுத்துக் கட்டாமலும் தளர விடாமலும், மேலிருந்து கீழ்வரை பிசகாமல் இறங்கியிருந்தது. காஜாக்கா வாளியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது அவள் கை இல்லை. அவர் கையாக இருக்க வழியே இல்லை. பொறுமையான, அடக்கமான, கோபமே வராத ஒருத்தியின் கை. தன்னைவிட நன்றாகத் தைக்கிற ஒருத்தி. மனிதருடைய இடுப்பை அளந்து, நிற்க வைத்துக் குண்டூசி குத்தி, உட்கார்ந்து தைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் அழுதாள். அழுதது துரோகத்துக்காகவா, அந்தத் தையல் அவ்வளவு அழகாக இருந்ததற்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மிச்சமிருந்தது ஜாக்கெட். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு. அன்றைக்கு மட்டும், கொளுத்துகிற வெயிலில், பழைய தடிமனான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். அதை எடுத்து உதறிப் பார்த்தாள். உள்பக்கம் புதிதாக இரண்டு பை. அதே பொறுமையான தையல். பைக்குள் துருக்கறை. அவள் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை வரட்டும் என்றிருந்தாள்.

வியாழன் வந்தது. அவர் பேருந்தின் முன்வாசலில் ஏறினார், அவள் பின்வாசலில் ஏறினாள். நகல் எடுக்கும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் இடையில் இருந்த குறுகலான படியில் அவர் ஏறிப் போனார். நாலு படிக்கு ஒருமுறை நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்ற வேகத்தில் அவளும் ஏறினாள். மேலே ஒரு கதவு, கதவில் ஒரு பலகை. மனநல மருத்துவர் என்று எழுதியிருந்தது.

உள்ளே ஏழெட்டு நாற்காலி, ஒரு குடிதண்ணீர்க் குடம், மூலையில் எடை பார்க்கும் கருவி. ஜாக்கெட் போட்டபடி வேர்த்துக் கொட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். வழியெல்லாம் முப்பது கேள்வி தயார் செய்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அந்தக் கறுப்பு பேண்ட்டைப் பிடிச்சுத் தைச்சது யாரு?"

"நான்தான்."

"பொய் சொல்லாதீங்க. உங்க கை எனக்குத் தெரியாதா?"

அவர் கையை நீட்டினார். "ஊசி கொடு."

ஊசியும் நூலும் இல்லாமல் அவள் வெளியே போனதே கிடையாது. கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் தன் கைக்குட்டையின் ஓரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தைக்கத் தொடங்கினார். மூன்று குத்து. அவள் நாலாவதுக்காகக் காத்திருந்தாள். நாலாவதும் வரிசையில் விழுந்தது. ஐந்து, ஆறு, பத்து. பக்கத்தில் யாரோ இருமினார்கள், கதவு திறந்தது, தெருவில் ஒரு வண்டி அலறியது. ஊசி நிற்கவில்லை. பிசகாமல் இறங்கிய அந்தத் தையல் அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பிறந்தது. பொறுமையான, அடக்கமான அந்தப் பெண் அவள் புருஷன்தான்.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். அரைக்கை விஷயத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை துணியைக் கெடுத்ததில், இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். யாரோ சொல்லி இங்கே வந்தாராம். இதற்கு ஏடிஎச்டி என்று பெயர், கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும், சோம்பலும் இல்லை திமிரும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது, அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். காலையில் ஒரு மாத்திரை. போட்ட முதல் வாரமே தலைக்குள் இருந்த சந்தைக்கடை அடங்கியதாம். ஆனால் அதோடு பசியும் போனது, வாய் காய்ந்தது, நெஞ்சு படபடத்தது, மாலையில் மாத்திரையின் வேகம் இறங்கும்போது எதைப் பார்த்தாலும் எரிச்சல். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றாள். கவனமில்லாததற்குக் கூட ஒரு வியாதியா என்று நீ சிரிப்பாய் என்று நினைத்தேன் என்றார். அவள் மறுக்கவில்லை. சிரித்துத்தான் இருப்பாள்.

"சரி, இந்த ஜாக்கெட் எதுக்கு?"

அவர் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டார். அவள் கையை உள்ளே விட்டாள். பக்கத்துக்கு இரண்டாக நாலு இரும்புக் கட்டை, துணி வெட்டும்போது அட்டைமேல் வைக்கிற கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. அவள் பார்வை மூலையில் இருந்த எடைக் கருவிக்குப் போனது. அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாதாமாதம் உடம்பு குறையக் குறைய, மாதத்துக்கு ஒரு கட்டை கூடியிருந்தது. படபடப்புக்கும் அவர் பதில் வைத்திருந்தார். படியேறி வந்தேன் டாக்டர் என்பாராம்.

"எடை குறைஞ்சது தெரிஞ்சா மாத்திரையைக் குறைச்சிடுவாங்க," என்றார் அவர், தரையைப் பார்த்து. "திரும்ப நான் அரைக்கை ஆயிடுவேன். அஞ்சு மாசமா யாரும் என்னை அப்படிக் கூப்பிடலை. இந்த ஒரு தடவை மட்டும் கண்டுக்காம இரு."

டாக்டர் அறைக்குள்ளிருந்து அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். காஜாக்கா அந்தத் தையலை இன்னொரு முறை பார்த்தாள். பதினோரு வருடமாக அவள் கேட்டது இதைத்தான். பேசாமல் இருந்தால் இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ஞாயிறு மதியம் அவர் மார்பில் கேட்ட அந்த ஓட்டமும் கூடவே வரும். அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த முறை சந்தேகத்துக்கு இடமே இல்லாத பயம்.

"அந்த அரைக்கையோடதான் பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினேன்," என்றாள். "பால் பொங்கிச்சு, அவ்வளவுதானே. நீங்களே இல்லாமப் போனா நான் யாரைத் திட்டறது?"

கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றியபோது சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. கருவியில் ஏறினார். முதல் மாதத்தைவிட ஒன்பது கிலோ குறைவு.

டாக்டர் அம்மா திட்டவில்லை. இந்த வெயிலில் ஜாக்கெட் போட்டு வருகிறவரைப் பற்றி எனக்கும் ஒரு யோசனை இருந்துகொண்டேதான் இருந்தது என்று மட்டும் சொல்லி, நாடித்துடிப்பைத் திரும்பப் பார்த்தார். மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினார். இதயப் படம் எடுத்து வரச் சொன்னார். மாத்திரைக்கு முன்னால் காலைச் சாப்பாடு வயிறு நிறைய உள்ளே போக வேண்டும், மதியம் முடிந்தவரை, பசி திரும்பும் மாலையில் கேட்கிற அளவுக்கு. ஆறு மணிக்கு எரிந்து விழுந்தால் வாதம் வேண்டாம், ஒரு தட்டை நீட்டுங்கள் என்று காஜாக்காவிடம் சொன்னார். எப்போதும் வாதத்தை நீட்டியே பழகியவளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான மருந்துதான்.

பிறகு தினமும் காலையில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்தாள். இஸ்திரிக்காரரிடம், டப்பாவில் இனி உப்புப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாதாமாதம் கருவியில் ஏறுமுன் அவருடைய பைகளைத் தட்டிப் பார்த்தாள், காவல்காரி மாதிரி. குணம் எங்கே போகும்? கூடத்தில் அவர் இரண்டு முறை தடுமாறினார். இரண்டு முறையும் வெட்டுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் ஒருமுறை பால் பொங்கியது. அவள் வாயைத் திறந்து, மணியைப் பார்த்து, ஆறேகால் என்று தெரிந்ததும் ஒரு தட்டை எடுத்து நீட்டினாள்.

மூன்றாவது மாதம் கறுப்புப் பேண்ட் இடுப்பில் இறுக்கியது. அதை அவரிடமே போட்டாள். அவர் பழைய தையலைப் பிரித்து, இரண்டு விரற்கடை விட்டுத் தைக்க உட்கார்ந்தார். அவள் காஜா எடுப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏழெட்டு குத்து நேராக விழுந்தன. அடுத்தது வேறெங்கோ போனது. அவர் நின்றார், திரும்பி வந்தார், அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் மற்றொன்று விலகியது. அதை அவர் கவனிக்கவில்லை.

முடித்ததும் நீட்டினார். அவள் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்து, அந்த விலகிய குத்தில் நின்றாள். அவர் முகம் சுருங்கியது. பிரித்துவிடு என்றார்.

"எதுக்கு?" என்றாள். "இப்பத்தான் உங்க கை மாதிரி இருக்கு."

பேண்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.